மோட்டாரக்காவின் செருப்புப் பலகை

இந்தக் கல்குவாரியில் மோட்டாரக்கா இதுவரை மூன்று உத்தியோகம் பார்த்திருக்கிறார். முதலாவது, தண்ணீரை உள்ளே விடாமல் வைத்திருப்பது. இரண்டாவது, மனிதர்களை உள்ளே விடாமல் வைத்திருப்பது. மூன்றாவது, அதே மனிதர்களை அதே தண்ணீருக்குள் அனுப்பிவிட்டு அவர்கள் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருப்பது. மூன்றுக்கும் ஒரே கேட், ஒரே பூட்டு, ஒரே நாற்காலி. ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலைகளை ஒரே நாற்காலியில் இருந்தபடி செய்து காட்டியவர்கள் என்று பார்த்தால், அவருக்கு முன்னால் அமைச்சர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

கல் வெட்டிய காலத்தில் குவாரியின் அடியில் இரண்டு மோட்டார்கள் இரவு பகலாக ஓடின. பாறை இடுக்கிலிருந்து ஊறி வரும் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கீழே ஆட்கள் நிற்க முடியும். அந்த மோட்டார்களை இயக்கியதால் வந்த பெயர்தான் மோட்டாரக்கா. சத்தம் ஒரு இழை மாறினால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார். பஸ் ஓட்டுநரான அவருடைய கணவர், "கட்டினவன் குறட்டை விட்டா கேக்காது, மோட்டார் கொஞ்சம் இருமினா எழுந்து ஓடுவா" என்று பயணிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பிறகு கல்லுக்குக் கிராக்கி குறைந்தது. ஒரு நாள் முதலாளி தானே வந்து, "மோட்டாரை நிறுத்திடும்மா" என்றார்.

"எவ்வளவு நேரத்துக்குங்க?"

"இனிமே வேணாம்மா."

மோட்டாரக்கா சுவிட்சை இறக்கினார். கீழே இருந்த மோட்டார்களை மேலே ஏற்ற ஆகும் செலவு அவற்றின் விலையைவிட அதிகம் என்று கணக்குப் போட்டு, அவற்றை அங்கேயே விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷமாக அவர் விரட்டியடித்த தண்ணீர் அவசரமே இல்லாமல் ஏறி வந்து, மோட்டார்களை மூடி, லாரிப் பாதையை மூடி, அவருடைய நாற்காலிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. நல்ல நீல நிறம். அடியில் கிடக்கும் கல்லை மேலிருந்து எண்ணலாம் போலத் தெளிவு. தோற்றவர் என்ற முறையில் மோட்டாரக்கா அதன் அழகைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முதலாளி அவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். இரண்டாவது உத்தியோகம் தொடங்கியது. குளிக்க வந்தவர்கள், லாரி கழுவ வந்தவர்கள், காதலிக்க வந்தவர்கள், பழைய மெத்தையைத் தள்ளிவிட வந்தவர்கள் என்று எல்லாரையும் ஒரே குரலில் விரட்டினார். தான் மட்டும் ஒரு கால்கூட நனைத்ததில்லை. நீச்சல் தெரியாது. "தண்ணியப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும். அதனாலதான் இறங்கறதில்ல" என்பார்.

ஸ்கூபாக்காரர்கள் முதலில் வேலி ஏறித்தான் வந்தார்கள். ஒரு விடியற்காலையில் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு ரப்பர் உடை போட்ட இரண்டு உருவங்கள், முதுகில் ஆளுக்கொரு சிலிண்டருடன் தண்ணீரை நோக்கித் தள்ளாடிக்கொண்டு போவதைப் பார்த்தார். திருடர்கள் என்று நினைக்க முடியவில்லை. திருடர்கள் கனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள், வரமாட்டார்கள்.

"நில்லுங்க! என்ன அது முதுகுல?"

"காத்துங்க. அழுத்தி அடைச்ச காத்து. தண்ணிக்கு அடியில போய் மூச்சு விடறதுக்கு."

"ஆக்சிஜனா?"

"இல்லக்கா, சாதாரணக் காத்துதான்."

"சாதாரணக் காத்து இங்க சும்மாவே கெடக்குதே. அத எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கிட்டுப் போய்க் கீழ விடறீங்க?"

அந்த இருவரில் ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பின்னாளில் ஸ்கூபா சங்கத்தின் செயலாளர். எதற்கெடுத்தாலும் "விதிமுறைப்படி பார்த்தா" என்று ஆரம்பிப்பதால் சங்கத்தில் அவருக்கு விதிமுறை என்று பெயர். வேலி ஏறிக் குதித்து வந்து பிடிபட்டவருக்கு அந்தப் பெயர் வந்தது எப்படி என்று யோசிக்கக் கூடாது. சட்டத்தை மீறித் தொடங்கியவர்கள்தான் பிறகு சட்டத்தை மற்றவர்களுக்கு விளக்குவதில் மிகுந்த ஆர்வம் காட்டுகிறார்கள்.

விதிமுறை முறைப்படி முதலாளியிடம் போய் அனுமதி கேட்டார். கடலுக்குப் போகப் பாதி நாள் பயணம். இங்கே அலை இல்லை, இழுப்பு இல்லை, மூழ்கிப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது என்று பேசினார். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உள்ள போற அத்தனை பேரும் வெளிய வரணும். எண்ணிக்கைக்கு மோட்டாரம்மா பொறுப்பு."

எண்ணுவது எளிது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முதலில் கையெழுத்துப் போடச் சொன்னார். உள்ளே போகும்போது போட்டார்கள். வெளியே வரும்போது குளிரில் கை நடுங்குவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். அடுத்து, வந்ததும் திருப்பித் தரச் சொல்லி ஆளுக்கொரு எண் வில்லை கொடுத்துப் பார்த்தார். வில்லைகளெல்லாம் சட்டைப் பையோடு ஊருக்குப் போய்த் துணி துவைக்கும் மெஷினில் சுழன்றன. கார் சாவியை வாங்கி வைத்தார். ஒரே காரில் நான்கு பேர் வந்தார்கள். கடைசியில் ஒரு மரப்பலகையில் வரிசையாக ஆணி அடித்துக் கேட் பக்கத்தில் நிறுத்தி, "வலது கால் செருப்ப மாட்டிட்டுப் போங்க, வந்ததும் எடுத்துக்கோங்க" என்றார். ஒற்றைச் செருப்போடு எவரும் வீடு போய்ச் சேரமாட்டார். பலகையில் செருப்பு இருந்தால் தண்ணீரில் ஆள் இருக்கிறது. பலகை காலி என்றால் குவாரி காலி. இதில் எழுத்தும் இல்லை, வாதமும் இல்லை.

"படிச்ச ஆளுங்கக்கா நாங்க. செருப்பக் கழட்டி வைன்னா எப்படி?" என்று பல் டாக்டர் முனகினார்.

"பல்லக் கழட்டி வைக்கச் சொல்லலியே டாக்டர்."

ஏன் வலது மட்டும் என்று கேட்டவர்களுக்கும் பதில் இருந்தது. ஏதாவது ஒரு கால் என்று விட்டிருந்த முதல் வாரத்தில், ஒரே அளவுக் கால் கொண்ட அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் வலதையும் மற்றவன் இடதையும் மாட்டியிருந்தார்கள். தம்பி முதலில் ஏறி வந்து இரண்டையும் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். மற்ற இரண்டும் காரில் பூட்டிக் கிடக்க, மேலே வந்த அண்ணன் வெறுங்காலோடு கரையில் நின்று அவனை வைத வசவு எதிர்ப் பாறையில் பட்டு இரண்டிரண்டாகத் திரும்பி வந்தது.

ஓரிரு வருஷத்தில் அவர் ஆட்களை முகத்தைக் கொண்டு அடையாளம் காண்பதை நிறுத்திவிட்டார். முகங்கள் ரப்பர் தொப்பிக்குள் ஒன்று போலத்தான் இருந்தன. செருப்புதான் ஆள். குதிகால் உள்பக்கம் தேய்ந்தது பல் டாக்டர். வார் அறுந்து கம்பி சுற்றிய நீலச் செருப்பு விதிமுறை. ஊருக்கெல்லாம் விதி சொல்லும் மனிதர் தன் செருப்புக்கு ஒரு வார் வாங்கிப் போடாததைப் பற்றி மோட்டாரக்காவுக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது.

மேலே வந்தவர்கள் கீழே பார்த்ததைச் சொல்வார்கள். அதிகம் பேர் பார்க்கப் போவது அவருடைய மோட்டார்களைத்தான்.

"அக்கா, உங்க மோட்டாருக்குள்ள மீன் குடும்பம் நடத்துது."

"வாடகை குடுக்குதா?"

இப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளி இறந்துபோனார். குவாரி வெளியூரில் வக்கீலாக இருந்த அவருடைய ஒரே மகளுக்குப் போயிற்று. வக்கீலம்மாவிடம் ஒரு ஒப்பந்தக்காரர் வந்து சேர்ந்தார்: இடித்த கட்டடங்களின் இடிபாட்டைக் கொட்ட அவருக்கு ஒரு குழி வேண்டும். நிரப்பித் தரைமட்டமாக்கினால் மேலே மனைகூடப் போடலாம். ஸ்கூபாக்காரர்கள் தரும் கட்டணம் கேட்டுக்கு வண்ணம் அடிக்கத்தான் காணும். போதாததற்கு, தண்ணீரில் யாருக்காவது ஏதாவது ஆனால் சட்டப்படி தான்தான் கூண்டில் நிற்க வேண்டும் என்பது மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் செய்தி அனுப்பினார்.

முடிவு எப்படிப் போனால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. "ஸ்கூபா வேண்டாம்" என்றால் அடுத்த வாரம் லாரி வரும். சங்கத்துக்கு மூழ்க இடம் இருக்காது. மோட்டாரக்காவுக்கு உட்கார இடம் இருக்காது. பரம எதிரியை இடிபாடு போட்டு மூடப்போகிறார்கள் என்றதும் அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தண்ணீரோடு சண்டை போட அவருக்கு உரிமை உண்டு. லாரிக்காரனுக்கு என்ன உரிமை?

சனிக்கிழமை கேட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்தார். பஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்த்த கணவர், "என்ன, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார்.

"ஆமா, எனக்குத்தான். நல்ல இடம்."

"அப்ப நான்?"

"நீங்க வண்டிய எடுங்க, பின்னால ஹாரன் அடிக்கிறான்."

விதிமுறை தன் பங்குக்கு எல்லாருக்கும் நடத்தை விதிகள் அனுப்பினார்: சத்தம் போடக்கூடாது, ரப்பர் உடையை வேலியில் காயப்போடக்கூடாது, வக்கீலம்மா கேட்டால் ஒழிய யாரும் எதையும் விளக்கக்கூடாது. தான் மட்டும் ஒரு ஜோடிப் புதுக் கறுப்பு ஷூ வாங்கினார். அந்த நீலச் செருப்போடு வக்கீல் முன்னால் நிற்க அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை வக்கீலம்மா சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே வந்துவிட்டார். வக்கீல்கள் அப்படித்தான் வருவார்கள். மோட்டாரக்கா நாற்காலியை விட்டு எழுந்து, குவாரியைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். அத்தனை வருஷத்தில் ஆட்கள் உள்ளே வரும் நேரத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தது அன்றுதான்.

வக்கீலம்மா சின்ன வயதில் அப்பாவின் ஜீப்பில் இங்கே வந்ததுண்டு. அப்போது இது வெறும் பள்ளம். இப்போது விளிம்பில் நின்று வெகுநேரம் கீழே பார்த்தார்.

"ஆழம் எவ்வளவு?"

"என் மோட்டார் இருக்கற வரைக்கும்மா."

"நீங்க இறங்கிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

வக்கீலம்மா திரும்பி அவரை நேராகப் பார்த்தார். "அப்ப யாராவது முழுகிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முழுகிட்டாங்கன்னு கண்டுபிடிப்பேன். காப்பாத்த இவங்க இருக்காங்க. இவங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது, எனக்குக் காப்பாத்தத் தெரியாது. ரெண்டும் சேந்துதான் ஓடுது."

வக்கீலம்மா கேட் பக்கம் நடந்தார். அங்கே செருப்புப் பலகையைப் பார்த்தபோது அவர் உதட்டோரம் கொஞ்சம் இறங்கியது. கோர்ட்டில் காட்டக்கூடிய பாதுகாப்பு ஏற்பாடாக அது அவருக்குத் தோன்றவில்லை என்பது தெரிந்தது. பிறகு தண்ணீரிலிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்த விதிமுறையிடம், சங்கம் எடுத்த காப்பீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டார். விதிமுறை பையைத் துழாவினார். காரைத் துழாவினார். பத்திரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மறக்கக் கூடாது என்பதற்காகவே தனியாக எடுத்து வைத்த இடத்தில், பத்திரமாக இருந்தது. ரப்பர் உடையை உரித்துச் சட்டை பேன்ட்டை மாட்டிக்கொண்டு, "இதோ வந்துட்டேன் மேடம்" என்று காரைக் கிளப்பினார். எல்லாரும் இருவர் இருவராகத்தான் மூழ்குவார்கள்; அன்று அவருடன் ஜோடியாக மூழ்கி ஏறியிருந்த பல் டாக்டர் அவர் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வீடு இருக்கும் ஊருக்குப் போய்வர எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நண்பகலில் எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்பது சங்க வழக்கம். ஏறினார்கள். ஆளாளுக்குத் தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பலகை காலியாகிக்கொண்டே வந்து, காலியாகாமல் நின்றது. கடைசி ஆணியில் ஒரு கறுப்பு ஷூ தொங்கியது. புத்தம் புதியது. அடித்தோலில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைகூடக் காயவில்லை.

"இது யாருது?" என்றார் மோட்டாரக்கா.

யாருடையதும் இல்லை.

"எல்லாரும் ஜோடி ஜோடியா நில்லுங்க." நின்றார்கள். எந்த ஜோடியும் உடையவில்லை. கம்பி சுற்றிய நீலச் செருப்பு பலகையில் இல்லை. விதிமுறை ஊருக்குப் போயிருப்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் இது தெரியாத ஆள். துணையில்லாமல், தனியாக, நாற்காலி காலியாக இருந்த நேரத்தில் உள்ளே வந்து, ஒழுங்காகச் செருப்பையும் மாட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போனவர். இன்னும் வராதவர்.

மோட்டாரக்கா பலகையை விட்டுத் திரும்பினார். தண்ணீருக்குள் இறங்கும் இரும்பு ஏணியிடம் போய், அங்கே சங்கிலியில் கிடந்த பழைய கல்லுடைக்கும் சுத்தியலை எடுத்து ஏணியை ஓங்கி அடித்தார். ஏணி வழியே போகும் அந்த ஓசை அடிவரை கேட்கும். கேட்டவர் மேலே வர வேண்டும். எல்லாரும் தண்ணீரையே பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"டாக்டர், நாலு ஜோடி. மோட்டார் பக்கம் ரெண்டு, லாரிப் பாதை பக்கம் ரெண்டு. இறங்குங்க." பல் டாக்டர் சிலிண்டரைத் தூக்கினார். மோட்டாரக்கா போனை எடுத்தார்.

வக்கீலம்மா அவர் கையைப் பிடித்தார். "ஒரு நிமிஷம். யாருக்குப் போன் பண்றீங்க?"

"தீயணைப்புக்கு."

"இங்க அதிகமா ஒரு கார்கூட நிக்கலை. அந்த ஆள் எதுல வந்தான்? சும்மா ஒரு செருப்பு தொங்குதுன்னு..."

"பஸ்ல வந்திருக்கலாம்."

மோட்டாரக்கா முதலில் கணவருக்குப் போன் போட்டார். "ஏங்க, காலையில கேட்டுக்கிட்ட யாரையாவது இறக்குனீங்களா?"

"ஒரு அம்மாவும் ஒரு நாயும். கண்டக்டர் நாய்க்கு டிக்கெட் கேட்டான், சண்டைக்கு வந்துடுச்சு. அம்மாதான், நாய் இல்ல."

"புது ஷூ போட்ட ஆள்?"

"என் வண்டியில இல்ல. எனக்கு முன்னால போன வண்டிய நான் என்ன கண்டேன்? ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அப்புறம் சொல்றேன்."

வக்கீலம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதில் மிரட்டல் இல்லை. சட்டம் மட்டும்தான் இருந்தது. "இங்க பாருங்க. தீயணைப்பு வண்டி இந்த கேட்டுக்குள்ள வந்தா அது பதிவாகும். பதிவானா காப்பீடு போயிடும். காப்பீடு இல்லாம நான் இத நடத்த முடியாது, மூடத்தான் முடியும். புரியுதா? கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. இவங்கதான் தேடறாங்களே."

"புரியுதும்மா."

"அப்ப?"

"கைய விடுங்க. போன் பண்ணணும்."

வக்கீலம்மா கையை விட்டார்.

தண்ணீரில் நடந்த விபத்துக்குத் தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வந்து நிற்பதில் உள்ள முரணை அந்த நேரத்தில் யாரும் ரசிக்கவில்லை. அதிகாரி இறங்கினார், ரப்பர் படகு இறங்கியது. கீழே தேடிய முதல் இரண்டு ஜோடிகள் வெறுங்கையோடு ஏறி வந்து, சிலிண்டர் மாற்றிக்கொண்டு திரும்ப இறங்கின. விதிமுறைக்கு யாரோ போன் போட்டுப் பார்த்தார்கள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். அவருடைய மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் இரண்டாவது பாடம் அது.

மோட்டாரக்கா ஏணிப் பக்கத்திலேயே நின்றார். ஒரு கை சுத்தியலில். அவர் பார்வை தண்ணீரைவிட்டு அசையவில்லை. மோட்டார் ஓடிய நாட்களில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்த அதே பார்வை.

கேட்டை வண்டி மறித்துக்கொண்டிருந்ததால் விதிமுறை காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். கையில் காப்பீட்டுப் பத்திரம். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த செயலாளர் விழித்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு? யாரக் காணோம்? பேர் என்ன? கடைசியா பாத்தது யாரு? விதிமுறைப்படி பார்த்தா முதல்ல ஜோடிய விசாரிக்கணும். நடுவுல நிக்காதீங்க, தள்ளுங்க! என் சிலிண்டர் எங்க? நானும் இறங்கறேன்."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். மோட்டாரக்கா திரும்பி அவரைப் பார்த்தார். வழக்கம்போல முகத்தை அல்ல, காலை.

மடிப்புக் கலையாத பேன்ட்டுக்குக் கீழே, மூழ்கும்போது போடும் ரப்பர் பூட்ஸ். இன்னும் ஈரம் காயவில்லை.

"சார், உங்க செருப்பு எங்க?"

"என் செருப்பா? நான் இன்னைக்குச் செருப்பு போடலையே, மேடம் வர்றாங்கன்னு புதுசா ஒரு..."

குனிந்து தன் காலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். வண்டியில் ஏறும் முன் உன் காலைப் பார் என்பது அவர் பள்ளியின் முதல் பாடம். இந்த ஊரில் பாதிப் பேர் அதை அவரிடம்தான் படித்திருக்கிறார்கள்.

"புது ஷூ கடிச்சுது," என்றார் மெதுவாக. "இது இதமா இருந்துச்சு, கால்ல இருந்ததே தெரியல. இன்னொரு ஷூ டிக்கியில கெடக்கு."

மோட்டாரக்கா ஏணியைச் சுத்தியலால் அடித்தார், இந்த முறை எல்லாரையும் மேலே கூப்பிட. அடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது. தேடப் போனவர்கள் அவசரப்படாமல், வழியில் நின்று நின்று, எப்படி ஏற வேண்டுமோ அப்படி ஏறி வந்தார்கள். பல் டாக்டர் வாய்க்குழாயைத் துப்பிவிட்டு, கரையில் நின்ற விதிமுறையையும் அவர் கால்களையும் பார்த்தார். என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யோவ்," என்றார் பல் டாக்டர், "உன்னத் தேடி அந்த மோட்டாருக்கு அடியிலெல்லாம் கைய விட்டேன்யா. மீன் கடிச்சுது."

"அது என் மோட்டார்," என்றார் மோட்டாரக்கா.

அப்போதுதான் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. விதிமுறை மட்டும் சிரிக்கவில்லை. வீட்டு ஹால் முழுக்க ஈரத் தடம் பதித்ததற்கு மனைவியிடம் வாங்கிய திட்டு அப்போதுதான் அவருக்கு விளங்கியது போலிருந்தது. எதற்குத் திட்டுகிறாள் என்று கேட்காமலே ஓடி வந்திருந்தார்.

வக்கீலம்மாவும் சிரிக்கவில்லை. அவர் தீயணைப்பு அதிகாரியிடம் போய் நின்றார். "வீணா அலைக்கழிச்சதுக்கு மன்னிக்கணும். இதப் பத்தி என்ன எழுதுவீங்க?"

அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றினார். "நடந்ததத்தான் எழுதுவேன், யாருக்கும் எதுவும் ஆகலன்னு. மேடம், இந்தப் பக்கம் தண்ணி நிக்கற குவாரி நெறைய இருக்கு. எல்லாத்துக்கும் எங்களக் கூப்பிடுவாங்க. எப்பன்னா, மறுநாள். கரையில துணி கெடக்கு, யாருதுன்னு தெரியலன்னு. நாங்க தேட வர்றதில்ல மேடம், எடுக்கத்தான் வர்றோம்." ஏணியைப் பார்த்தார். "ஆள் தண்ணியில இருக்கான்னு தெரிஞ்ச உடனே கூப்பிட்ட குவாரி எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். அந்த ஆள் தண்ணியில இல்லங்கறது வேற விஷயம்."

வண்டி மணி அடிக்காமல் திரும்பிப் போனது.

விதிமுறை ஒரு கையில் பத்திரமும் ஒரு கையில் ஷூவுமாக வக்கீலம்மா முன்னால் வந்து நின்றார். விதிமுறைப்படி பார்த்தால் தான் ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். வக்கீலம்மா பத்திரத்தை மட்டும் வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"இதுல இருபது பாதுகாப்பு விதி எழுதியிருக்கீங்க. செருப்பு விதி எங்க?"

"அது... அது சும்மா அக்காவோட வழக்கம் மேடம். எழுதறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"இருபதுல எதாவது ஒண்ணு இன்னைக்கு வேலை செஞ்சுதா?"

விதிமுறை கையிலிருந்த ஷூவைப் பார்த்தார்.

"அத முதல் விதியா எழுதிக் கொண்டு வாங்க. ரப்பர் பூட்ஸ் பத்தியும் ஒரு வரி சேருங்க. அப்புறம் அனுமதியில கையெழுத்துப் போடறேன்."

அவர் காரை நோக்கி நடந்தார். மோட்டாரக்கா கேட்டைத் திறக்கக் கூடவே போனார். போகிற வழியில் வக்கீலம்மா, "நான்தான் மூடிடுவேன்னு சொன்னேனே, அப்புறமும் போன் பண்ணீங்களே, பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்துச்சும்மா. ஆனா ஒண்ணு, நான் எண்ணறதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன். ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சும் சரியா இருக்குன்னு சொல்ல உங்கப்பா என்ன வைக்கல."

வக்கீலம்மா தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். வெயில் நேராக விழுந்து, லாரிப் பாதை அடிவரை வெளிச்சமாகத் தெரிந்தது. சிறுவயதில் ஜீப்பில் இறங்கிய பாதை.

"குழிய நிரப்பணும்னு ஒருத்தன் தினம் போன் பண்றான். அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஏற்கனவே நிரம்பிடுச்சுன்னு சொல்லுங்க."

வக்கீலம்மா முதல் தடவையாகச் சிரித்தார். காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினார். "இந்த கேட்டுக்கு எத்தன சாவி?"

"ஒண்ணுதான். என்கிட்ட."

"எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க. இடம் என்னுதுதானே. அடுத்த தடவ வந்தா நானே திறந்துக்கறேன்."

மோட்டாரக்கா பச்சை வண்ணம் இன்னும் கையில் ஒட்டும் கேட்டை அகலமாகத் தள்ளித் திறந்தார்.

"எதுக்கும்மா சாவி? நீங்க வந்தா நான் திறப்பேன். வலது கால் செருப்ப மட்டும் மாட்டிட்டுப் போங்க."